எஞ்சினுக்கு எந்த நிறம்?

பழைய ராணுவ வண்டியைப் புதுப்பிக்கிறவர்கள் பாடிக்கு அடிக்க வேண்டிய ஆலிவ் டிராப் என்ற ராணுவ நிறத்தைப் பற்றி மாதக்கணக்கில் விவாதிப்பார்கள். பானெட்டைத் திறந்ததும் அந்த அக்கறை காணாமல் போய்விடும். பட்டறையில் எந்த டப்பா திறந்திருக்கிறதோ அதுவே எஞ்சினுக்கும். ‘ராணுவ வண்டிதானே, எல்லாம் பச்சைதான்’ என்று பேச்சு முடிந்துவிடும். எல்லாம் பச்சை இல்லை. சாம்பல் உண்டு, வெளிர் நீலம் உண்டு, கறுப்பு உண்டு, பெயின்டே படாத வெறும் இரும்பும் உண்டு. எது எங்கே வந்தது என்பதற்கு ஒவ்வொரு ஆலையிலும் காரணம் இருந்தது. அதற்கு மிச்சமிருக்கும் நேரடி ஆதாரம் பிளாக்கின் இடுக்குகளில் ஒட்டிக்கிடக்கும் பழைய பெயின்ட்தான். காஸ்டிக் சோடாத் தொட்டியில் ஒரே ஒரு இரவு ஊறவைத்தால் அது போய்விடும். பிறகு என்ன விலை கொடுத்தாலும் கிடைக்காது.

ஆகவே எஞ்சினைக் கழுவக் கொடுப்பதற்கு முன்பே நிறத்தைத் தேடும் வேலையை முடித்துவிடுங்கள். மெக்கானிக்கிடமும் இதை முன்கூட்டியே சொல்லிவையுங்கள். சுத்தமாகத் தர வேண்டும் என்ற நல்ல எண்ணத்தில் சாண்ட் பிளாஸ்ட் அடித்துக் கொடுத்துவிடுவார்கள்.

எந்த ஆண்டின் வண்டி?

ராணுவ வண்டிக்கு என்றென்றைக்கும் ஒரே அசல் நிறம் என்று கிடையாது. 1943இல் ஒஹாயோ மாநிலத்து டொலிடோவிலிருந்து வெளியேறிய வில்லிஸ் ஜீப் ஒன்றை எடுத்துக்கொள்வோம். இரண்டாம் உலகப் போர் முடிந்ததும் ஐரோப்பாவில் அமெரிக்க ராணுவ டிப்போ ஒன்று அதை முழுதாகப் பிரித்து மாட்டியிருக்கலாம். பிறகு பிரெஞ்சு ராணுவத்திடம் போயிருந்தால், பாரீஸை அடுத்த லா மால்தூர்னே பட்டறையில் மறுபடியும் பிரிக்கப்பட்டிருக்கும். இத்தகைய பெரிய பட்டறைகளில் எஞ்சின்கள் ஒரு வரிசையிலும் பாடிகள் இன்னொரு வரிசையிலும் தயாராகும். எந்த எஞ்சின் எந்த வண்டியிலிருந்து இறங்கியது என்று பார்த்து மாட்டும் வழக்கம் இல்லை. வில்லிஸ் பாடிக்குள் ஃபோர்டு எஞ்சின் உட்கார்வது அங்கே சாதாரணம். ஒவ்வொரு முறையும் அந்தந்தப் பட்டறையின் பெயின்ட் மேலே ஏறும்.

இவற்றில் எந்த வண்டியை நீங்கள் மீட்கப்போகிறீர்கள்? இதைத் தீர்மானிக்காமல் நிறத்தைப் பற்றிப் பேசுவது வீண். 1944ஆம் ஆண்டின் வெள்ளை நட்சத்திரமும் படைப்பிரிவு எண்களும் வெளியே இருக்க, உள்ளே 1950களின் டிப்போ நிறத்தில் எஞ்சின் இருந்தால் இரண்டுமே பொய்யாகிவிடும். டாஷ்போர்டில் மறுசீரமைப்புத் தகடு இருக்கிறதா, எஞ்சினும் பாடியும் அந்தத் தகட்டின் காலத்தோடு ஒத்துப்போகின்றனவா என்று முதலில் பாருங்கள். ஒத்துப்போனால் அந்த மறுசீரமைப்பு நாளுக்கே வண்டியைக் கொண்டுபோவதுதான் நேர்மை என்பது என் கருத்து. ‘ஆலையை விட்ட நாள்’ மீது எல்லோருக்கும் மோகம் இருக்கிறது. ஆனால் டிப்போவில் மறுபிறவி எடுத்த வண்டியும் ராணுவ வண்டிதான், அதன் சரித்திரமும் சரித்திரம்தான்.

நம் பக்கத்து வண்டிகளில் இன்னொரு சிக்கல் உண்டு. போர்க்காலத்தில் இந்திய ராணுவம் கனடாவில் செய்த ஃபோர்டு, செவர்லே லாரிகளைப் பெருமளவில் பயன்படுத்தியது, ஜீப்புகளும் வந்தன. போருக்குப் பின் ஏலத்தில் போன வண்டிகள் தனியார் கைகளில் பல ஆண்டுகள் ஓடின. பெட்ரோல் செலவு தாங்காமல் பலவற்றில் டீசல் எஞ்சின் ஏறியது. 1940களின் இறுதியில் மஹிந்திரா பம்பாயில் வில்லிஸ் ஜீப்புகளைப் பூட்டத் தொடங்கிய பிறகு, போர்க்கால ஜீப்பில் அந்தச் சிவிலியன் ஜீப்பின் எஞ்சினைத் தூக்கி மாட்டுவதும் சுலபமாயிற்று. அதனால் நம்மூரில் வாங்கிய வண்டி என்றால், பானெட்டுக்குள் இருப்பது எந்த எஞ்சின் என்பதே முதல் கேள்வி.

எஞ்சின் யாருடையது?

நிறம் எஞ்சின் தயாரித்த ஆலையோடு போகும். வண்டியின் முகப்பில் உள்ள பெயரை வைத்து அதைச் சொல்ல முடியாது. மிகத் தெளிவான உதாரணம் ஜீப். வில்லிஸ் எம்பி, ஃபோர்டு ஜிபிடபிள்யூ இரண்டும் ஒரே வரைபடத்தில் பிறந்தவை. 134 கன அங்குல, நான்கு சிலிண்டர் எஞ்சினும் ஒன்றே. 1944இல் அமெரிக்க ராணுவம் வெளியிட்ட டிஎம் 9-803 கையேடு இரண்டுக்கும் பொதுவானது. ஆனாலும் ஃபோர்டு தன் எஞ்சினுக்குச் சாம்பல் அடித்தது. வில்லிஸ் எஞ்சினுக்கு ஆலிவ் டிராப் என்பதே மீட்டெடுப்பாளர்களில் பெரும்பாலோர் ஏற்றுக்கொண்ட முடிவு. ஃபோர்டு ஜீப்பின் எஞ்சினைப் பச்சையில் பார்த்தால், அது மறுசீரமைப்பில் மாறியதா அல்லது பின்னால் வந்தவர் கைவண்ணமா என்று சந்தேகப்படுங்கள்.

எண்ணை எங்கே பார்ப்பது? ஜீப் எஞ்சினில் வலப்பக்கம், முன்புறம், ஆயில் ஃபில்டர் அருகே ஒரு தட்டையான மேடு இருக்கும். மண்ணெண்ணெயில் துடைத்தால் எம்பி அல்லது ஜிபிடபிள்யூ என்று தொடங்கும் எண் தெரியும். ஃபோர்டில் இதே எண் சேஸிஸின் இடது முன்பக்கச் சட்டத்தின் மேலும் அடிக்கப்பட்டிருக்கும். இரண்டும் பொருந்தினால் உங்களுக்கு அதிர்ஷ்டம். வில்லிஸில் எஞ்சின் எண்ணும் சேஸிஸ் எண்ணும் ஆரம்பத்திலிருந்தே வேறு வேறு. ஆகவே பொருந்தவில்லை என்பதை மட்டும் வைத்து எஞ்சின் மாறிவிட்டது என்று சொல்லிவிடாதீர்கள். ஃபோர்டு தன் பாகங்களில், போல்ட் தலைகளில்கூட, ‘எஃப்’ என்ற எழுத்தைப் பதித்தது. எண் தேய்ந்து போயிருந்தால் அந்த எழுத்துகள் உதவும்.

லாரிகளில் கதை இன்னும் கிளை பிரியும். ஸ்டூடிபேக்கர் யுஎஸ்6 லாரியில் ஸ்டூடிபேக்கர் எஞ்சின் கிடையாது. ஹெர்குலிஸ் கம்பெனியின் ஜேஎக்ஸ்டி எஞ்சின்தான் அதில். அதே ஜேஎக்ஸ்டி ஒயிட் கம்பெனியின் எம்3ஏ1 ஸ்கவுட் காரிலும் உண்டு. டைமண்ட் டி நான்கு டன் லாரியில் ஹெர்குலிஸின் ஆர்எக்ஸ்சி. இங்கெல்லாம் எஞ்சின் பெயின்ட் காய்ந்த பிறகுதான் லாரி ஆலைக்கு வந்து சேர்ந்தது. ஸ்டூடிபேக்கர்காரரிடம் பதில் கிடைக்காத கேள்விக்கு ஸ்கவுட் கார் வைத்திருப்பவரிடம் பதில் இருக்கலாம். எனவே வண்டியின் பெயரை விட்டுவிட்டு எஞ்சினின் பெயரில் விசாரியுங்கள்.

ஜிஎம்சியின் புகழ்பெற்ற இரண்டரை டன் சிசிகேடபிள்யூ லாரி ஐந்து லட்சத்துக்கும் மேல் செய்யப்பட்டது. அதன் 270 கன அங்குல ஆறு சிலிண்டர் எஞ்சின் டக் என்ற நீர்நில வண்டியிலும் இருந்தது; போர் முடிந்த பிறகும் சிவிலியன் லாரிகளில் தொடர்ந்தது. ஆக, உங்கள் லாரியில் இருப்பது 1950களின் எஞ்சினாகவும் இருக்கலாம். செவர்லே எஞ்சின்களில் வார்ப்புத் தேதி பிளாக்கிலேயே இருக்கும்: மாதத்துக்கு ஓர் எழுத்து, ஏ என்றால் ஜனவரி, எல் என்றால் டிசம்பர், அடுத்து நாள், கடைசியில் ஆண்டின் இறுதி இலக்கம். அங்கே ‘3’ என்று இருந்தால் 1943ஆகவும் இருக்கலாம், 1953ஆகவும் இருக்கலாம். வார்ப்பு எண்ணையும் சேர்த்துப் பார்த்தால்தான் தீரும். கனடிய லாரிகளில் வந்த 216 கன அங்குல செவர்லே எஞ்சினின் சிவிலியன் சகோதரனுக்கு அந்தக் காலத்தில் சாம்பல்தான். தேடலைத் தொடங்க அது நல்ல இடம். முடிவை உங்கள் பிளாக்கில் கிடைக்கும் பெயின்ட்தான் சொல்ல வேண்டும்.

போருக்குப் பிந்தைய பிரிட்டிஷ் வண்டிகளில் ரோல்ஸ் ராய்ஸ் பி வரிசை எஞ்சின்கள்: ஆஸ்டின் சாம்பில் பி40, ஃபெரட், ஹம்பர் ஒரு டன் ஆகியவற்றில் பி60. இவை வெளிர் நிறத்தில் இருக்கும். எண்ணெய்க் கசிவும் வெடிப்பும் வெளிர் நிறத்தில் உடனே கண்ணில் படும் என்பது அதற்குச் சொல்லப்படும் காரணம். அந்த வெளிர் நிறம் நீலமா பச்சையா என்பதில்தான் தகராறு. அது ஏன் என்று புரிந்துகொண்டால் பாதிக் குழப்பம் தீரும்.

பழைய பெயின்ட் ஏன் ஏமாற்றுகிறது?

அந்தக் கால எனாமல் எண்ணெய், ஆல்கிட் ரெசின் அடிப்படையிலானது. சூட்டிலும் இருட்டிலும் அதன் படலம் மஞ்சளாகும். எஞ்சினில் இரண்டும் உண்டு. மேலே வெந்த எண்ணெயும் படியும். சாம்பல் நிறத்தின் மேல் மஞ்சள் படிந்தால் கண்ணுக்கு ஒரு மங்கிய பச்சையாகத் தெரியும். வெளிர் நீலத்தின் மேல் மஞ்சள் படிந்தால் வெளிர் பச்சை. ஃபோர்டு சாம்பலை ஆலிவ் என்று நம்பியவர்களும், ரோல்ஸ் ராய்ஸ் எஞ்சினைப் பச்சை என்று சத்தியம் செய்கிறவர்களும் பெரும்பாலும் இந்த மஞ்சளைத்தான் பார்த்திருக்கிறார்கள். பாடியில் நடப்பது வேறு. அங்கே வெயிலில் பெயின்ட் சுண்ணாம்பாகி வெளுக்கும். ஆகவே பாடியில் வெளுத்த ஆலிவையும் எஞ்சினில் கறுத்த ஆலிவையும் அருகருகே வைத்து இரண்டும் வேறு நிறங்கள் என்று முடிவு கட்டக் கூடாது.

ஆலிவ் டிராப் என்பதே பச்சை நிறமியில் பிறந்தது இல்லை. காவி மஞ்சளும் கறுப்பும் கலந்தாலே அது வந்துவிடும். கடையில் பச்சையைக் கறுப்பாக்கி ‘மிலிட்டரி கலர்’ என்று கொடுப்பதை வாங்கினால் எஞ்சின் மட்டும் தனியாகத் துருத்திக்கொண்டு தெரியும்.

தேடும் முறை

சூடும் வெளிச்சமும் எண்ணெயும் எட்டாத இடங்கள்தான் வேண்டும். தகடுகளின் அடிப்பக்கம், ஆயில் ஃபில்டர் பிராக்கெட் உட்காரும் தடம், டைனமோ பிராக்கெட்டின் பின்புறம், முன் எஞ்சின் மவுண்டிங் தகட்டுக்கும் பிளாக்குக்கும் இடையே, வால்வ் பக்க மூடியின் விளிம்பு, பெல் ஹவுசிங் சேரும் ஓரம், போல்ட் தலையின் கீழ். இவற்றில் எங்காவது நகக்கண் அளவு பெயின்ட் நிச்சயம் இருக்கும்.

முதலில் மண்ணெண்ணெயும் மெல்லிய பிரஷ்ஷும். பிறகு சோப்புத் தண்ணீர். தின்னரைத் தொடாதீர்கள், பழைய எனாமலைக் கரைத்து மேலும் கீழும் கலந்துவிடும். அழுக்கு போனதும் ஒரு ரூபாய் நாணயம் அளவுக்கு வட்டமாக 800ஆம் நம்பர் நீர்த்தாளால் தேயுங்கள், கடைசியில் 1500. தண்ணீர் விட்டுக்கொண்டே தேய்க்க வேண்டும். நடுவில் இரும்பு தெரியும் வரை போனால், அடுக்குகள் மரத்தின் ஆண்டு வளையங்களைப் போல ஒன்றுக்கு வெளியே ஒன்றாக விரிந்து நிற்கும். உள்ளே இருப்பது பழையது. பகல் வெளிச்சத்தில், பூதக்கண்ணாடியோடு பாருங்கள். பக்கத்தில் ஒரு வெள்ளைக் காகிதமும் ஒரு ஸ்கேலும் வைத்துப் படம் எடுங்கள்.

பழைய பெயின்ட்டில் ஈயம் இருக்கும் என்றே எடுத்துக்கொள்ளுங்கள். உலர்வாகத் தேய்க்கவே கூடாது. முகமூடி அணியுங்கள், கழிவைத் துணியோடு சேர்த்துக் கட்டி அப்புறப்படுத்துங்கள், குழந்தைகள் நடமாடும் இடத்தில் இந்த வேலையைச் செய்யாதீர்கள். பழைய கேஸ்கட்டுகளிலும் கிளட்ச் தூசியிலும் ஆஸ்பெஸ்டாஸ் இருக்கும். காற்றடித்து ஊதவே வேண்டாம்.

வளையங்களைப் படிப்பதில் நிதானம் தேவை. அடியில் இருப்பது பிரைமராகவும் இருக்கலாம். சிவப்பு ஆக்சைடு என்றால் சுலபமாகத் தெரிந்துவிடும். சாம்பல் பிரைமர்தான் ஏமாற்றும். பல ஆலைகள் எஞ்சினுக்குப் பிரைமர் போடாமல் வார்ப்பிரும்பின் மேல் நேராகவே அடித்தன. ஆகவே அடியில் உள்ள சாம்பல் அசல் நிறமாகவும் இருக்கலாம். ஆனால் சாம்பலுக்கு மேலே உடனே இன்னொரு நிறம், நடுவில் துளி அழுக்கும் இல்லாமல் ஒட்டியிருந்தால் கீழே உள்ளது பிரைமராக இருக்கலாம். இரண்டுக்கும் நடுவில் எண்ணெய்ப் படிவமோ துருவோ இருந்தால் கீழ் நிறத்தோடு எஞ்சின் ஓடியிருக்கிறது என்று பொருள். மேலே உள்ளது பின்னால் வந்தது. போல்ட் தலையில் ஸ்பேனர் காயம் பட்டு அந்தக் காயத்தின் மேல் பெயின்ட் இருந்தால், அது பிரித்து மாட்டிய பிறகு அடித்தது. பிராக்கெட் தடத்தின் கீழே முழுதாகப் பரவியிருக்கும் பெயின்ட், அந்தப் பாகம் மாட்டப்படுவதற்கு முன்பே அடித்தது. இந்த நான்கு தடயங்களும் ஒரே பக்கம் காட்டினால் தாராளமாக நம்பலாம். முரண்பட்டால் வேறு இடத்தில் இன்னொரு வட்டம் தேயுங்கள்.

பழைய புகைப்படங்களை நம்பிப் பலர் வீணாகப் போகிறார்கள். ராணுவக் கையேட்டுப் படங்கள் கறுப்பு வெள்ளை. போதாததற்கு, பாகங்கள் தெளிவாகத் தெரியப் பின்புலத்தைத் திருத்தி அச்சிட்டிருப்பார்கள். அவற்றிலிருந்து நிறத்தைப் படிக்க முடியாது. எஞ்சினும் பானெட்டின் உட்புறமும் ஒரே அடர்த்தியா, மேனிஃபோல்டில் பெயின்ட் ஏறியிருக்கிறதா என்ற இரண்டையும் கேட்கலாம், அவ்வளவுதான்.

பிளாக்கின் நிறம் எது வரைக்கும்?

பிளாக், ஹெட், ஆயில் சம்ப், டைமிங் மூடி, இவை சேர்ந்து பூட்டிய பிறகே பெயின்ட் அறைக்குப் போயின. அதனால் போல்ட் தலைகளும் கேஸ்கட் ஓரங்களும் அதே நிறத்தில்தான் இருக்கும். போல்ட்டுகளைப் பாலிஷ் செய்து தனியாகப் பளபளக்க விடுவது கண்காட்சிக் காருக்குச் சரி, ராணுவ லாரிக்குச் சரியில்லை.

வெளியிலிருந்து வாங்கி மாட்டிய பாகங்களுக்கு அவரவர் நிறம். ஜீப்பின் ஆட்டோலைட் டைனமோவும் செல்ஃப் மோட்டாரும் கறுப்பு. கார்ட்டர் கார்புரேட்டருக்கும் பெட்ரோல் பம்புக்கும் பெயின்ட் கிடையாது; உலோகம் அப்படியே. பித்தளை இணைப்புகளும் அப்படியே. எக்ஸாஸ்ட் மேனிஃபோல்டில் ஆலையில் பெயின்ட் தெறித்திருந்தாலும் வண்டி சில மணிநேரம் ஓடியதும் வெந்து உதிர்ந்துவிடும். அதை வெறும் வார்ப்பிரும்பாக விட்டு, துருப்பிடிக்காமல் கிராஃபைட் பசை தேய்ப்பது போதும். வெள்ளி நிற ஹீட் பெயின்ட் அடித்த மேனிஃபோல்டைப் பார்த்தால், எவ்வளவு பாடுபட்டுச் செய்த எஞ்சினாக இருந்தாலும் எனக்கு மனம் வாடும்.

எண்களும் கடையும்

அமெரிக்க ராணுவ நிறங்களைப் பற்றிப் படிக்கும்போது எஃப்எஸ் 595 என்ற தர வரிசை எண்கள் வரும். ஐந்து இலக்கத்தில் முதலாவது பளபளப்பு: 1 முழுப் பளபளப்பு, 2 பாதி, 3 மட்டம். இரண்டாவது நிற வகுப்பு: 3 மஞ்சள், 4 பச்சை, 5 நீலம், 6 சாம்பல். போர்க்கால ஆலிவுக்கு நெருக்கம் என்று சொல்லப்படும் 33070 மஞ்சள் வகுப்பில் இருப்பதைக் கவனியுங்கள். இந்த வரிசை 1956இல்தான் வந்தது. 1943ஆம் ஆண்டு வண்டிக்கு எஃப்எஸ் எண் சொல்கிறவர் நெருங்கிய ஒன்றைத்தான் சொல்கிறார். தவிர 34087 போன்ற எண்களின் சாயலே பதிப்புக்குப் பதிப்பு மாறியிருக்கிறது. எண்ணை மட்டும் கொடுத்துக் கலக்கச் சொல்லாதீர்கள்.

பிரிட்டிஷ் வண்டிகளுக்கு பிஎஸ் 381சி என்ற தர வரிசை. இதில் நமக்கு ஒரு வசதி உண்டு. நம் நாட்டின் ஐஎஸ் 5 வண்ண அட்டை பெரும்பாலும் அதே எண்களையே பின்பற்றுகிறது. ஸ்கை ப்ளூ 101, ஓ-டி-நீல் 216, டீப் ப்ரோன்ஸ் கிரீன் 224, லைட் அட்மிரால்டி கிரே 697 என்று எண்ணைச் சொன்னால் தொழிற்சாலைப் பெயின்ட் விற்கும் கடையில் கிடைக்கும். ரோல்ஸ் ராய்ஸ் எஞ்சினுக்கு 101, 216 இரண்டு அட்டைகளையும் நீங்கள் தேய்த்துக் கண்ட வட்டத்தோடு ஒப்பிட்டுப் பாருங்கள்.

ஒப்பிடுவது பகல் வெளிச்சத்தில், நேர் வெயில் படாத நிழலில் நடக்க வேண்டும். டியூப்லைட்டின் கீழ் ஒன்றாகத் தெரியும் இரண்டு சாம்பல்கள் வெளியே கொண்டுவந்ததும் பிரிந்துவிடும். நிறமிகள் வேறு என்பதால் அப்படி. கடையின் ஸ்கேனர் கருவி, நீங்கள் தேய்த்த வட்டத்தின் விளிம்பையும் சேர்த்துப் படித்துவிடும். ஆகவே கருவி தரும் கலவையைத் தொடக்கமாக மட்டும் வைத்து, தகட்டில் அடித்துப் பாருங்கள். எனாமல் காயும்போது நிறம் சற்று இறங்கும். ஒரு வாரம் விட்டுவைத்து, எஞ்சின் ஆயில் தடவித் துடைத்து, பிறகு முடிவெடுங்கள்.

எஞ்சினுக்கு மட்டப் பெயின்ட் வேண்டாம். பாடிக்கு மட்டம் கேட்டது வெயிலில் மின்னி எதிரி விமானத்துக்குக் காட்டிக்கொடுக்கக் கூடாது என்பதற்காக; பானெட்டுக்குள் அந்தத் தேவை இல்லை. மட்டப் பெயின்ட்டில் நிறமி அதிகம், பிசின் குறைவு; எண்ணெயை உறிஞ்சி இரண்டே மாதத்தில் கறை பிடிக்கும். பாதிப் பளபளப்புள்ள ஆல்கிட் எனாமல் போதும். தண்ணீரால் குளிரும் பிளாக்கின் சூடு ஏறக்குறைய 100 டிகிரி செல்சியஸ்தான். அதை நல்ல எனாமல் தாங்கும். இரண்டு டப்பா கலக்கும் பாலியூரித்தேன் நன்றாக உழைக்கும், ஆனால் பிளாஸ்டிக் உறை போட்டதுபோல் வார்ப்பிரும்பின் சொரசொரப்பை மூடிவிடும். கரையோர ஊர்களில் கழுவிய பிளாக் ஒரு மணிநேரத்திலேயே துரு ஏறும் என்பதால், துடைத்த அன்றே மெல்லிய பிரைமர், மறுநாள் மெல்லியதாக இரண்டு கோட். பட்டி வைத்து வார்ப்புக் குழிகளை நிரப்பாதீர்கள்.

கடைசியாக ஒரு வேண்டுகோள். பிளாக்கில் கண்ணில் படாத இடத்தில், தீப்பெட்டி அளவுக்கு, நீங்கள் கண்டுபிடித்த பழைய பெயின்ட்டை மறைத்துக்கட்டி அப்படியே விட்டுவிடுங்கள். மேலே நிறமில்லாத வார்னிஷ் ஒரு கோட் போதும். எஞ்சின் எண், வார்ப்பு எண், தேய்த்த இடங்களின் படங்கள், நீங்கள் தேர்ந்த கலவையின் விவரம், ஏன் அதைத் தேர்ந்தீர்கள் என்ற இரண்டு வரி, எல்லாவற்றையும் எழுதி வண்டியின் ஆர்சி புத்தகத்தோடு வையுங்கள். வண்டி கைமாறும்போது அந்தக் காகிதங்களும் சேர்ந்து போக வேண்டும்.